பெட்டியில் கிடக்கும் பழைய வால்வு எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்தப்பா திருகோணமலையில் ஒலிபெருக்கிச் சேவை நடத்தியவர். கோவில் திருவிழா, கலியாண வீடு, கூட்டம் என்று எதற்கும் அவருடைய வால்வு அம்பிளிபயர்தான் போகும். அவர் காலமான பிறகு அலுமாரியின் அடித்தட்டிலிருந்து இரண்டு பிஸ்கட் தகரம் நிறைய வால்வுகள் என் கைக்கு வந்தன. பாதியில் பெயர் அழிந்திருந்தது. மிச்சத்திலும் சிலவற்றில் இருந்த பெயர் பொய். அவற்றைப் பிரித்து இனங்காண எனக்கு இரண்டு வருடம் போயிற்று. அதற்குள் ஊரில் பழைய றேடியோ வைத்திருப்பவர்கள், பாட்டுப் பெட்டி திருத்துபவர்கள், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து அப்பாவின் றேடியோவைத் தூசு தட்டுபவர்கள் என்று பலரும் கேட்டுவிட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை.

ஒரு சின்ன விஷயம். வால்வின் எண்களைத் தமிழ் எழுத்தில் உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். கண்ணாடியில் இருப்பது ஆங்கில எழுத்து.

வால்வு என்பது என்ன? இதை ஏன் இன்னும் கட்டி அழுகிறீர்கள்?

காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய்க்குள் கதோட் என்ற முனையைச் சூடாக்கினால் இலத்திரன்கள் புறப்பட்டுப் பிளேற் என்ற உலோகத் தகட்டுக்கு ஓடும். இடையில் நிற்கும் கிறிட் என்ற கம்பி வலையில் சிறிய வோல்ட் மாற்றம் கொடுத்தால் அந்த ஓட்டம் பெரிதாகக் கூடிக் குறையும். பிளெமிங் 1904இல் கிறிட் இல்லாத இருமுனை வால்வைச் செய்தார். லீ டி பொரஸ்ட் 1906இல் கிறிட்டைச் சேர்த்தார். றேடியோவும் அம்பிளிபயரும் அதிலிருந்து வந்தவைதான்.

ஏன் கட்டி அழுகிறேன் என்பதற்கு நியாயமான பதில் என்னிடம் இல்லை. வால்வு செத்துப்போன சாமான் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: 1984இலிருந்து நம் ஊரில் இயங்கிய டொய்ச்ச வெல்ல என்ற ஜேர்மன் வானொலியின் மறுஒலிபரப்பு நிலையத்தில் சிற்றலையை ஆசியா முழுக்கத் தள்ளியதும் பெரிய வால்வுகள்தான்.

கையில் ஒரு வால்வு இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பெயரைப் பார்க்க முன் காலைப் பாருங்கள். பெயரை யாரும் அச்சடிக்கலாம். காலை மாற்ற முடியாது.

கண்ணாடியிலிருந்தே நேராக 9 மெல்லிய ஊசிகள் இறங்கினால் அது நோவல் வகை. 1950, 60களின் றேடியோக்களில் பெரும்பாலும் இதுதான். 7 ஊசி என்றால் அதைவிடச் சிறியது, மின்கலத்தில் ஓடும் கைப்பெட்டிகளில் கனக்க வரும். கறுப்பு அல்லது மண்ணிறப் பேக்கலைட் அடியும், 8 தடித்த கால்களும், நடுவில் சாவி மாதிரி ஒரு முளையும் இருந்தால் ஒக்டல். தலையில் தொப்பி மாதிரி ஒரு உலோக முனை இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், தேடல் பாதியாகக் குறைந்துவிடும். 8 மெல்லிய ஊசியும் கண்ணாடியின் கீழ்ப் பக்கத்தில் ஒரு சிறு புடைப்பும் இருந்தால் அது ரிம்லொக், பழைய பிலிப்ஸ் பெட்டிகளில் கிடைக்கும்.

அப்புறம் உள்ளே பாருங்கள். ஒரே உயரத்தில் இரண்டு சாம்பல் நிறப் பிளேற்றுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இரட்டை ட்ரையோட், அதாவது ஒரு கிறிட் உள்ள மும்முனை வால்வு இரண்டு. ஒரே ஒரு பெரிய கறுத்த பிளேற் என்றால் பெரும்பாலும் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வு. பக்கவாட்டிலோ தலையிலோ பச்சையாக மினுங்கும் திரை தெரிந்தால் அது நிலையம் சரியாகப் பிடிபட்டதைக் காட்டும் "பச்சைக் கண்".

ஈசிசி83, ஈஎல்84 என்ற எழுத்துகளுக்கு ஏதாவது பொருள் உண்டா?

உண்டு, வடிவான ஒழுங்கும் உண்டு. ஐரோப்பியப் பெயர் என்றால் வால்வின் சாதகமே அதில் இருக்கிறது.

முதல் எழுத்து ஹீற்றர், அதாவது கதோட்டைச் சூடாக்கும் இழை. ஈ என்றால் 6.3 வோல்ட். டி என்றால் 1.4 வோல்ட்டும் அதற்குக் கீழும், அதாவது மின்கல றேடியோ. ஜி என்றால் 5 வோல்ட். யூ என்றால் 100 மில்லிஅம்பியர், பி (P) என்றால் 300 மில்லிஅம்பியர். இந்த இரண்டிலும் ஹீற்றர்களை ஒன்றன் பின் ஒன்றாகத் தொடுத்திருப்பார்கள். பி வரிசை தொலைக்காட்சிக்கானது. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல் என்பதால் அது இங்கே அருமை.

அடுத்த எழுத்துகள் உள்ளே இருப்பவை. ஏ ஒற்றை டையோட் (இருமுனை வால்வு), பி (B) இரட்டை டையோட், சி ட்ரையோட், எஃப் சிறிய பென்டோட் (மூன்று கிறிட் உள்ள ஐம்முனை வால்வு), எச் இன்னும் கூடிய கிறிட்டுகளோடு அலை மாற்றும் ஹெக்சோட் அல்லது ஹெப்டோட், எல் அவுட்புட் பென்டோட், எம் பச்சைக் கண், வை அரை அலை ரெக்டிபயர் (மாறுமின்னை நேர்மின்னாக்குவது), இசட் முழு அலை ரெக்டிபயர். இனி ஈசிசி83ஐப் பாருங்கள்: 6.3 வோல்ட், ட்ரையோட், இன்னொரு ட்ரையோட். ஈசிஎல்82 என்றால் ஒரு ட்ரையோட்டும் ஒரு அவுட்புட் பென்டோட்டும் ஒரே கண்ணாடிக்குள். ஈஏபிசி80 என்ற நீளப் பெயரும் இப்போது பயமுறுத்தாது.

எண்ணின் முதல் இலக்கம் காலைச் சொல்லும். 3 ஒக்டல், 4 ரிம்லொக், 8 நோவல், 9 ஏழு ஊசி. ஈஎல்34 ஒக்டலாகவும் ஈஎல்84 நோவலாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆறேழு மாதத்துக்கு முன் ஒருவர் ஒரு பிலிப்ஸ் பெட்டியைக் கொண்டுவந்து, "தம்பி, இதுக்குள்ள என்ன இருக்கெண்டு திறக்காமச் சொல்லும் பாப்பம்" என்றார். பின்மூடியில் ஒட்டியிருந்த தாளில் ஈசிஎச்81, ஈபிஎஃப்89, ஈஏபிசி80, ஈஎல்84, ஈஇசட்80 என்று இருந்தது. அலை பிடிப்பது, பெருக்குவது, ஒலியைப் பிரிப்பது, ஸ்பீக்கரை ஓட்டுவது, மின்சாரம் கொடுப்பது. அந்தக் காலத்து றேடியோவின் முழு வரைபடமும் ஐந்து பெயரில் அடங்கிவிடும்.

12ஏஎக்ஸ்7 என்று எழுதியிருக்கிறது. இது ஈசிசி83 தானா?

ஆம், ஒன்றுதான். அமெரிக்கப் பெயரில் முன்னால் நிற்கும் எண் ஹீற்றர் வோல்ட்டைக் கிட்டத்தட்டச் சொல்லும். நடு எழுத்துகளில் பொருள் தேட வேண்டாம், பதிவு செய்த வரிசை மட்டுமே. ஒலிக்கு அதிகம் வரும் சோடிகள் இவை: ஈசிசி81 என்றால் 12ஏடி7, ஈசிசி82 என்றால் 12ஏயூ7, ஈசிசி88 என்றால் 6டிஜே8, ஈஎஃப்86 என்றால் 6267, ஈஎல்84 என்றால் 6பிகியூ5, ஈஎல்34 என்றால் 6சிஏ7, ஜிஇசட்34 என்றால் 5ஏஆர்4, ஈசிஎல்82 என்றால் 6பிஎம்8.

ஈசிசி83க்கு அமெரிக்காவில் 12 என்ற எண் ஏன்? அதன் ஹீற்றருக்கு நடுவில் ஒரு கால் உண்டு. 4ஆம் 5ஆம் ஊசிகளுக்கு இடையே 12.6 வோல்ட் கொடுக்கலாம். அந்த இரண்டையும் சேர்த்து 9ஆம் ஊசிக்கு எதிராக 6.3 வோல்ட்டும் கொடுக்கலாம். இந்த 9ஆம் ஊசியை ஞாபகத்தில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

சிவி என்று தொடங்கும் எண்ணும் மேல்நோக்கிய அம்புக்குறியும் இருக்கின்றன. என்ன அது?

திருகோணமலையில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த அம்பு பிரித்தானிய அரசாங்கச் சொத்து என்பதற்கான அடையாளம். சிவி என்பது அவர்களுடைய முப்படைகளுக்கும் பொதுவான வால்வுப் பட்டியலின் எண். 1957 வரை இங்கே பிரித்தானியக் கடற்படைத் தளமும், சீனன்குடாவில் அவர்களுடைய விமானத் தளமும் இருந்தன. தளத்தில் வேலை செய்த பெரியவர்களின் வீட்டு லாச்சிகளில் இந்த அம்பை நான் கண்டிருக்கிறேன்.

சிவி492 என்றால் ஈசிசி83, சிவி491 என்றால் ஈசிசி82, சிவி455 என்றால் ஈசிசி81. சிவி4004, 4003, 4024 என்பவை அதே மூன்றின் உறுதி கூட்டிய பிறப்புகள். சிவி1988 என்றால் 6எஸ்என்7. சிவி1377 என்றால் ஜிஇசட்34, கண்டால் விடாதீர்கள். சிவி1091, அல்லது விஆர்91, என்றால் ஈஎஃப்50. போர்க்காலப் பிரித்தானிய ராடார்களின் உயிர்நாடி அது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தைத் தாக்க வந்தபோது, முன்கூட்டிக் கண்டதும் இங்கிருந்த ராடார் நிலையம்தான். ஆனால் ஈஎஃப்50 பாட்டுப் பெட்டிக்கு ஆகாது. கண்ணாடி அலுமாரிக்கு ஆகும்.

எழுத்து முழுக்க அழிந்திருந்தால்?

முதலில் நான் செய்த மடைத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். தகரத்திலிருந்து எடுத்த முதல் பத்து வால்வுகளையும், அழுக்காக இருக்கிறதே என்று ஸ்பிரிட்டில் பஞ்சு நனைத்து வடிவாகத் துடைத்தேன். கண்ணாடி பளிச்சென்று வந்தது. பஞ்சில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பெயர்கள் வந்தன. பழைய அச்சு மை விரல் ஈரத்துக்கே வழியும். எழுத்துள்ள பக்கத்தைத் தொடாதீர்கள், ஊசியை மட்டும் துடையுங்கள்.

அழிந்த எழுத்தை மீட்க வாயால் மெதுவாக ஊதிப் பாருங்கள். மை இருந்த இடத்தில் நீராவி வேறு மாதிரிப் படியும், ஒரு கணம் எழுத்து தெரியும். குளிர்சாதனப் பெட்டியில் பத்து நிமிடம் வைத்து வெளியே எடுத்தாலும் அதேதான். நம் ஊர் ஈரக் காற்றுக்கு எடுத்த உடனேயே வியர்க்கும். சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்து, கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். கண்ணால் வாசித்து முடிக்க முன் மறைந்துவிடும்.

அதுவும் சரிவராவிட்டால் கண்ணாடியில் பொறித்த கோட் (குறியீடு) இருக்கிறதா என்று பாருங்கள்.

அடியில் சாம்பல் நிறத்தில் இரண்டு வரி பொறித்திருக்கிறது. அதை எப்படி வாசிப்பது?

பிலிப்ஸ் குடும்பத்துத் தொழிற்சாலைகளின் கையெழுத்து அது. இங்கிலாந்தின் முல்லார்ட் கம்பெனியும் 1920களிலேயே பிலிப்ஸின் கைக்குப் போனதால் அதற்கும் இதே முறை. மை போனாலும் இது போகாது, ஸ்பிரிட்டும் ஒன்றும் செய்யாது.

மேல் வரி வால்வின் வகையும் அதன் திருத்தப் பதிப்பும். எக்ஸ்எஃப் என்றால் ஈஎல்34, ஆர்எக்ஸ் என்றால் ஈஎல்84, எஃப்3 என்று தொடங்கினால் ஜிஇசட்34. ஈசிசி83 பழையதாக இருந்தால் எம்சி1, பிந்தியதாக இருந்தால் ஐ61, ஐ63 போன்றவை. எக்ஸ்எஃப்1 முந்தியது, எக்ஸ்எஃப்2, எக்ஸ்எஃப்3 பிந்தியவை.

கீழ் வரியில் முதல் குறி தொழிற்சாலை. பி (B) இங்கிலாந்தின் பிளாக்பேர்ன், ஆர் அதே நாட்டின் மிட்சம் என்ற ஊர், முக்கோணம் ஒல்லாந்தின் ஹேர்லன், டி ஜேர்மனியின் ஹம்பேர்க். அடுத்த இலக்கம் வருடத்தின் கடைசி எண், அடுத்த எழுத்து மாதம் (ஏ தை, அதாவது ஜனவரி; எல் மார்கழி, அதாவது டிசம்பர்), கடைசி எண் மாதத்தில் எத்தனையாவது வாரம்.

தகரத்தில் பெயரே இல்லாமல் கிடந்த ஒரு பெரிய வால்வின் அடியை உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே பிடித்தபோது மேலே எக்ஸ்எஃப்2, கீழே பி2டி3 என்று தெரிந்தது. ஈஎல்34, பிளாக்பேர்ன், 2இல் முடியும் வருடம், சித்திரை, மூன்றாவது வாரம். 1952ஆ, 62ஆ, 72ஆ? வருடத்துக்கு ஒரே இலக்கம் போட்டவர்கள் தங்கள் வால்வு பத்து வருடம் தாண்டாது என்று நினைத்தார்களோ தெரியவில்லை. பதிப்பு எண்தான் கைகொடுக்கும். இரண்டாவது பதிப்பு என்பதால் 62 என்று எடுத்துக்கொண்டேன்.

பெட்டியில் ஒரு பெயர், அடியில் வேறு நாட்டுக் கோட். ஏமாற்றா?

அநேகமாக இல்லை. வால்வுக் கம்பெனிகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கித் தங்கள் பெயரைக் குத்தி விற்றது அன்றாட வழக்கம். ஒல்லாந்தில் செய்ததை முல்லார்ட் பெட்டியில் காணலாம், பிளாக்பேர்னில் செய்ததை அமெரிக்க அம்பரெக்ஸ் பெயரில் காணலாம். பெயரை நம்பாதீர்கள், செய்த இடத்தை நம்புங்கள்.

ஜேர்மனியின் டெலிபுங்கன் கம்பெனிக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. ஊசிகளுக்கு நடுவே, அடிக் கண்ணாடியில் வார்ப்பிலேயே ஒரு சாய்சதுரம் புடைத்திருக்கும். அச்சு அல்ல, நகத்தால் தடவினால் தெரியும். அது இல்லாவிட்டால் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் டெலிபுங்கன் தன் கையால் செய்ததல்ல. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் டெலிபுங்கன் ஈசிசி83 சோடி என்று நான் வாங்கியவற்றில் பிளேற் வரியில்லாமல் வழவழவென்று சரியாகத்தான் இருந்தது, சாய்சதுரம் இல்லை. யூகோஸ்லாவியாவின் நிஷ் நகரத்தில் செய்தவை. அவர்களும் அதே மாதிரி வழவழப் பிளேற்தான் போடுவார்கள். வால்வு நன்றாகவே வேலை செய்கிறது. கொடுத்த விலையைத்தான் இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

இந்தியாவின் பெங்களூரில் பாரத் எலக்ட்ரோனிக்ஸ் பிலிப்ஸின் ஒத்துழைப்போடு செய்தவை ஐரோப்பிய வால்வுகளின் உடன்பிறப்புகள் மாதிரி. பெட்டி பார்க்க ஏழையாக இருக்கும் என்பதால் மலிவாகக் கிடைக்கும். எனக்குக் கிடைத்தால் யோசிக்காமல் எடுப்பேன்.

ஈசிசி81, 82, 83 மூன்றும் ஒரே சொக்கெற்றில் பொருந்துகின்றன. மாற்றிப் போடலாமா?

பொருந்தும், கால் ஒழுங்கும் ஒன்றுதான், கருகிப் போகாது. ஆனால் குணம் வேறு. பெருக்கும் திறன் ஈசிசி83க்கு 100, ஈசிசி81க்கு 60, ஈசிசி82க்கு 17 அளவு. 250 வோல்ட்டில் வழக்கமான நிலையில் ஈசிசி83 எடுப்பது 1.2 மில்லிஅம்பியர்தான். ஈசிசி81 10, ஈசிசி82 10.5. ஒன்று மெதுவாகக் கதைத்தாலும் பெரிதாக்கிக் காட்டுவது, மற்றது சத்தத்தைவிடச் சக்தியைக் கொடுப்பது.

ஈசிசி83 இருக்க வேண்டிய இடத்தில் 82ஐப் போட்டால் சத்தம் வெகுவாக இறங்கும். சுற்றிலும் உள்ள ரெசிஸ்டர்கள் சிறிய கரண்டுக்குக் கணக்குப் போட்டவை என்பதால் அது தன் இயல்பிலும் ஓடாது. எதிர்ப்பக்கம், 82 இருந்த இடத்தில் 83 போட்டால் இரைச்சல் கூடி, பெரிய ஒலியில் கிழியும். "83க்குப் பதில் 81 போட்டேன், இனிமையாக இருக்கிறது" என்பவர்களின் காதை நான் குறை சொல்ல மாட்டேன். சத்தம் குறைந்ததைத்தான் இனிமை என்கிறார்கள் என்று மட்டும் சந்தேகிப்பேன்.

மாறாமல் ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே வகைக்குள் ஒப்பிடுங்கள். முல்லார்ட் ஈசிசி83க்கு எதிராக டெலிபுங்கன் ஈசிசி83. எம்சி1 கோட் உள்ள பழைய முல்லார்டில் பிளேற் நீளம், ஐ61 பிறப்பில் குட்டை. நீளமானது தட்டினால் அதிகம் அதிரும்.

ஈசிசி88ஐயும் ரஷ்ய 6என்2பியையும் அதே இடத்தில் போடலாம் என்கிறார்களே?

போடாதீர்கள். 9ஆம் ஊசி இங்கேதான் வருகிறது. இந்த இரண்டிலும் ஹீற்றர் 4க்கும் 5க்கும் இடையே 6.3 வோல்ட். 9ஆம் ஊசி இரண்டு ட்ரையோட்டுக்கும் நடுவிலுள்ள மறைப்புத் தகடு. 4ஐயும் 5ஐயும் சேர்த்து இழுத்த அம்பிளிபயரில் செருகினால் ஹீற்றரின் இரு முனையும் ஒன்றாகி, பற்றவே பற்றாது. 4, 5க்கு 12.6 வோல்ட் கொடுத்த அம்பிளிபயரில் செருகினால் இரண்டு மடங்கு வோல்ட் பாய்ந்து கருகிவிடும். இதற்கு மேலே, ஈசிசி88இன் பிளேற் 130 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

அவுட்புட் வால்வுகளில் எது நல்லது?

எந்த அம்பிளிபயர் என்று சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. ஈஎல்84 சிறியது, 12 வாட் பிளேற், 0.76 அம்பியர் ஹீற்றர். வீட்டு றேடியோவுக்கும் சிறிய ஸ்டீரியோவுக்கும் அதுவே போதும். 6வி6 அமெரிக்கக்காரன், அதே அளவு வேலை, ஒக்டல் கால், கொஞ்சம் முரட்டுத்தனமாக நடத்தினாலும் தாங்கும். ஈஎல்34 25 வாட் பிளேற், 1.5 அம்பியர் ஹீற்றர். சித்தப்பாவின் பெட்டியில் இரண்டு ஈஎல்34 இருந்தன. அந்த இரண்டும் சேர்ந்து 35 வாட் அளவு தந்து, தென்னையில் கட்டிய இரண்டு கூம்பு ஸ்பீக்கரை விடியவிடிய ஓட்டும். கேடி66, கேடி88 இரண்டும் இங்கிலாந்தின் ஜிஇசி கம்பெனிக் குடும்பம். பின்னது அதன் ராசா, விலையிலும்.

6எல்6 இருந்த இடத்தில் ஈஎல்34 போடுவது பற்றிக் கேட்பவர்களுக்கு: ஈஎல்34இல் 1ஆம் கால் மூன்றாவது கிறிட், அதை 8ஆம் காலோடு சேர்த்திருக்க வேண்டும். ஹீற்றரும் 0.9க்குப் பதில் 1.5 அம்பியர் கேட்கும். ட்ரான்ஸ்போமர் தாங்குமா என்று பார்க்காமல் செய்யாதீர்கள். கால் பொருந்துகிறது என்பது சம்மதம் அல்ல.

ரெக்டிபயரிலும் இதே கதை. ஜிஇசட்34 5 வோல்ட்டில் 1.9 அம்பியர், 5யூ4 3 அம்பியர். 5யூ4 இருந்த இடத்தில் ஜிஇசட்34 போட்டால் ட்ரான்ஸ்போமருக்குச் சுமை குறையும், ஆனால் உள்ளே வோல்ட் ஏறும். மற்றப் பக்கம் மாற்றினால் ட்ரான்ஸ்போமர் சூடாகும்.

வால்வு சோதிக்கும் தனிக் கருவி இல்லாமல் வால்வு நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

உள்ளே வெள்ளிக் கண்ணாடி மாதிரிப் படிந்திருக்கும் பகுதி கெற்றர். மிச்சமிருக்கும் வாயுவை உறிஞ்சுவதற்காகப் படியவைத்த பேரியம் அது. வெள்ளியாக, மண்ணிறமாக, கறுப்பாக இருந்தால் பரவாயில்லை. பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, வேறு சோதனை வேண்டாம்.

ஓடும்போது கண்ணாடியின் உட்சுவரில் நீலம் படர்ந்தால் பயப்பட வேண்டாம், அவுட்புட் வால்வில் அது சாதாரணம். பிளேற்றுக்குள் ஊதாவோ இளஞ்சிவப்போ மேகமாக நின்றால் வாயு. பிளேற் செந்தணலாகச் சிவந்தால் கையை உள்ளே விடாமல் சுவரில் உள்ள ஆளியை நிறுத்துங்கள்.

ஈஎல்84 ஒற்றையாக ஓடும் றேடியோ என்றால் ஒரு சாதாரண மல்ரிமீற்றர் போதும். கதோட் ரெசிஸ்டரின் இரு முனைக்கும் இடையே வோல்ட் அளவுங்கள். அந்த ரெசிஸ்டர் பல பெட்டிகளில் 135 ஓம் அளவு. நல்ல வால்வில் பிளேற்றும் திரை என்ற இரண்டாவது கிறிட்டும் சேர்ந்து 53 மில்லிஅம்பியர் போகும். பெருக்கினால் 7 வோல்ட்டுக்குச் சற்று மேல். 7 காட்டினால் பிழையில்லை. 4 என்றால் கிழடு. 10, 11 என்றால் வால்வைத் திட்ட முன் கிறிட்டில் வோல்ட் பாருங்கள். அங்கே பிளஸ் வோல்ட் இருந்தால் முன்னால் உள்ள மெழுகுக் கண்டென்சர் ஒழுகுகிறது. அதை மாற்றாமல் புதிய வால்வு போடுவது ஓட்டைப் படகுக்குப் புதுத் துடுப்பு வாங்குவது. முதல் வால்வு செத்ததற்கும் அந்தக் கண்டென்சர்தான் காரணமாக இருந்திருக்கும்.

முன்வரிசை வால்வுகளை ஓடும்போது பென்சிலின் அழிறப்பர் முனையால் மெதுவாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் மணி அடித்தால் அந்த வால்வை முதல் இடத்தில் வைக்காமல் பின்னால் தள்ளுங்கள்.

வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த றேடியோ. நேரே போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். 60 வாட் பழைய இழைக் குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்துப் போடுங்கள். உள்ளே குறுக்குச் சுற்று இருந்தால் குமிழ் முழுப் பிரகாசமாக எரியும், றேடியோ தப்பும். நிறுத்திய பிறகும் வடிகட்டும் கண்டென்சரில் 300 வோல்ட் வரை நிற்கும், அதை வடித்துவிட்டுக் கைவையுங்கள்.

யூ எழுத்து வால்வுள்ள பெட்டி இன்னும் மோசம். யூசிஎச்81 19 வோல்ட், யூபிஎஃப்89 19, யூஏபிசி80 28.5, யூஎல்84 45, யூவை85 38. கூட்டினால் 149.5. மிச்ச வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் தின்னும். பல பெட்டிகளில் இடையில் ட்ரான்ஸ்போமர் இல்லை. அப்படியானால் செருகியைத் திருப்பிப் போட்டால் உலோகச் சட்டமே 230 வோல்ட். திருகும் பிடி கழன்ற முளையைத் தொட்டாலே அடிக்கும். ஆறுதலாகத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கம்பெனிக்குக் கம்பெனி ஒலி உண்மையிலேயே மாறுமா?

கொஞ்சம். முதல் வரிசையில் நிற்கும் ஈசிசி83ஐ மாற்றினால் இரைச்சலிலும் அதிர்விலும் வித்தியாசம் கேட்கும். தேய்ந்ததையும் புதியதையும் மாற்றினால் நன்றாகவே கேட்கும். முல்லார்ட் இளஞ்சூடு, டெலிபுங்கன் துல்லியம் என்று எழுதுபவற்றில் பாதி, தேய்ந்த ஒன்றையும் தேயாத ஒன்றையும் ஒப்பிட்டவர்களின் கதை. சத்தத்தைச் சமப்படுத்தி, நீங்கள் பார்க்காமல் வேறு ஆள் மாற்றிப்போட, பழகிய ஒரே பாட்டைக் கேளுங்கள். நான் என் மனைவியை மாற்றச் சொல்லி ஐந்து தரம் கேட்டதில் மூன்று தரம் பிழையாகச் சொன்னேன். அதில் ஒரு தரம் அவள் மாற்றவே இல்லை.

முல்லார்ட், டங்சோல், கோல்ட் லயன் எல்லாம் புதிதாகவே கிடைக்கின்றனவே?

பெயர் பழையது, வால்வு புதியது. அந்தப் பெயர்களின் உரிமை இப்போது அமெரிக்காவின் நியூ சென்சர் கம்பெனியிடம் இருக்கிறது, செய்வது ரஷ்யாவின் சரதோவில். ஸ்லோவாக்கியாவின் ஜேஜேயும் சீனத் தொழிற்சாலைகளும் செய்கின்றன. தினமும் ஓட்டும் அம்பிளிபயருக்குப் புதியதையே போடுங்கள். இவற்றைப் பழைய முல்லார்ட் விலைக்கு விற்றால்தான் பிரச்சினை. பிளாக்பேர்னில் பொறித்த அந்த இரண்டு வரியைக் கேளுங்கள், படம் அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

கடற்கரை ஊரில் எப்படிப் பாதுகாப்பது?

உப்புக் காற்று கண்ணாடியை ஒன்றும் செய்யாது, ஊசிகளைத்தான் தின்னும். உட்துறைமுகப் பக்கத்து வீடு ஒன்றில் பத்து வருடம் திறந்த தட்டில் கிடந்த ஈஎல்84களின் ஊசிகள் பச்சை பிடித்திருந்தன. அவசரப்பட்டுச் சுரண்டியதில் ஒன்றின் அடிக் கண்ணாடி கீறியது. அன்று மாலையே அதன் கெற்றர் பால் வெள்ளை. அதற்குப் பிறகு மிக மெல்லிய உப்புத்தாளைச் சுருட்டி, ஊசியின் நீளத்துக்கு மட்டும் தேய்க்கிறேன், அடிப்பக்கம் போவதில்லை. வளைந்த ஊசியை நிமிர்த்துவதும் கையால் அல்ல, ஒரு வெற்றுச் சொக்கெற்றில் மெதுவாக இறக்கித்தான்.

ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, பழைய பால்மா தகரத்தில், மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போட்டு வைக்கிறேன். சுற்றிய தாளின் வெளியே வகை, கோட், கதோட்டில் அளந்த வோல்ட், திகதி. சித்தப்பா இதில் ஒன்றையும் எழுதவில்லை. ஒரே ஒரு ஈஎல்34இன் அடிப் பேக்கலைட்டில் மட்டும் ஆணியால் "கோயில்" என்று கீறியிருந்தார். மற்றவற்றைவிட அது நல்லதா, கெட்டதா என்று அளந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் அதுதான் பலமாக இருந்தது.